நாலு கம்பி, நாற்பது குறை

பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் நம்மூரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஏன் தம்பி, ரெண்டு கம்பி அறுந்து போச்சா?" என்பதுதான். கிடார் என்றால் ஆறு கம்பி. அதற்குக் குறைந்தால் ஏதோ ரிப்பேர் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருக்கிறது. இத்தனைக்கும் பேஸ் கேட்காத தமிழ்க் காது கிடையாது. இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததையும் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் பேர் தெரியாமலே எல்லோரும் முணுமுணுத்திருக்கிறார்கள். என்ன செய்ய, பேஸ் இருக்கும்போது தெரியாது. எடுத்துவிட்டால்தான் பாட்டு ஏன் சப்பென்று இருக்கிறது என்று தலையைச் சொறிவார்கள்.

முகப்பேர் மாதிரி ஒரு இடத்தில் பேஸ் வாசிக்க வருபவன் பெரும்பாலும் அதை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு பேண்ட் சேர்ப்பார்கள், அல்லது சர்ச்சில் பாட்டுக் குழு இருக்கும். ஏற்கெனவே இரண்டு பேர் கிடார். மூன்றாவதாக வருபவனிடம், "டேய், நீ பேஸ் எடுத்துக்கோ" என்பார்கள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அதற்குப் பிறகு அவன் வீட்டில் பேசி, அம்மா சீட்டுப் பணத்திலிருந்தோ பாட்டி கொடுத்த காசிலிருந்தோ பத்தாயிரத்தை ஒட்டி ஒரு தொகையைத் தேற்றுகிறான். அந்தத் தொகைக்குக் கடையில் என்ன கிடைக்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

கிடைப்பது ஒரு நகல். சொந்தமாக ஒரு உருவம் யோசித்து இந்த விலையில் பேஸ் செய்பவர்கள் மிகக் குறைவு. சுவரில் தொங்கும் எல்லாமே ஏதோ ஒரு பழைய புகழ்பெற்ற பேஸின் நிழல்தான். பெரும்பாலும் ஃபெண்டர் பிரிசிஷன் அல்லது ஃபெண்டர் ஜாஸ். கொஞ்சம் கொஞ்சம் வயலின் உருவத்தில் ஹாஃப்னர். எப்போதாவது ரிக்கன்பேக்கரோ கிப்சன் தண்டர்பேர்டோ. தூரத்தில் நின்று பார்த்தால் அசல் எது நகல் எது என்று சொல்ல முடியாது. தோளில் மாட்டிய பத்தாவது நிமிடம் தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும் என்பதற்கு முன்னால் அசலைப் பற்றிக் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! அப்போதெல்லாம் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ். அதைக் காரில் ஏற்ற முடியாது, மேடையில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்கவும் செய்யாது. சுருதிக்கு ஃப்ரெட் கிடையாது, குத்துமதிப்பாகத்தான் விரலை வைக்க வேண்டும். 1951ல் அவர் கொண்டுவந்த பேஸுக்கு ஃப்ரெட் இருந்தது. விரலை அழுத்தினால் சுருதி துல்லியமாக விழும், அதனால்தான் பெயரே 'பிரிசிஷன்'. கம்பியின் பேசும் நீளம் 34 அங்குலம் என்று வைத்தார். இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அசலே மலிவாகச் செய்வதற்காக வரையப்பட்ட பொருள். உடல் ஒரு தட்டையான மரப்பலகை. கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம், தொழிற்சாலையில் வேகமாகவும் ஓடும். வயலின் செய்கிற பரம்பரைக் கைவினைஞர்கள் பார்த்தால் முகம் சுளித்திருப்பார்கள். ஆகவே 'விலை குறைவு, அதனால் மட்டம்' என்ற சமாதானம் இந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது.

அந்தப் பலகையின் மேல்பக்கம் ஒரு கொம்பு நீண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்தால் தப்பு. 34 அங்குலக் கம்பிக்கு நீளமான கழுத்து வேண்டும், கழுத்தின் நுனியில் கம்பியை முறுக்க நாலு பெரிய உலோகச் சாவிகள் வேண்டும். எடை எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். தராசு மாதிரி யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் எவ்வளவு தூரம் கழுத்துப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு வாத்தியம் சமநிலையில் நிற்கும். அதனால்தான் கொம்பை இழுத்து, ஏறக்குறைய 12வது ஃப்ரெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து குமிழை வைத்தார் லியோ. கையை எடுத்தாலும் கழுத்து கீழே சாயாது.

நகல் செய்கிறவர் என்ன செய்கிறார்? உருவத்தைப் பார்க்கிறார், காரணத்தைப் பார்ப்பதில்லை. பெட்டியில் அடங்க வேண்டும் என்றோ, 'கொஞ்சம் மாடர்னாக' இருக்கட்டும் என்றோ கொம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்துவிடுகிறார். கூடவே உடலுக்கு எடை குறைந்த மரத்தைப் போடுகிறார். சாவிகள் மட்டும் அதே கனம். விளைவு, மாட்டிக்கொண்டு கையை விட்டால் கழுத்து தரையைப் பார்த்துச் சரிகிறது. வாசிப்பவனின் இடது கைக்கு இரண்டு வேலை: சுருதியையும் பிடிக்க வேண்டும், வாத்தியத்தையும் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

கடையில் இதைப் பற்றிக் கேட்டால் நடக்கும் உரையாடல் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

"அண்ணே, கைய எடுத்தா தல கீழ போகுதே?"

"பெல்ட்ட கொஞ்சம் டைட் பண்ணு தம்பி."

"டைட் பண்ணாலும் போகுதுண்ணே."

"புதுசுல அப்படித்தாம்ப்பா இருக்கும். வாசிக்க வாசிக்க செட் ஆயிடும்."

புவியீர்ப்பு விசை வாசிக்க வாசிக்க எப்படி செட் ஆகும் என்று நியூட்டன்தான் வந்து சொல்ல வேண்டும்.

ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். தலை சாய்வது நகல்களின் தனிச் சொத்து அல்ல. 1963ல் கிப்சன் வெளியிட்ட தண்டர்பேர்ட், ரே டீட்ரிக் என்ற கார் வடிவமைப்பாளர் வரைந்தது. பார்க்கக் கார் மாதிரியே பாய்ந்துகொண்டு நிற்கும். அசலே தலை சாயும் என்பது அதை மாட்டிய எல்லோரும் சொல்லும் குறை. அதன் மலிவு நகல்களில் உடலை ஊடுருவிப் போகும் ஒரே மரக் கழுத்து காணாமல் போகும், ஸ்க்ரூ கழுத்து வரும், பிக்கப் மாறிப்போகும். ஆனால் தலை சாய்வது மட்டும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது அவன் தப்பையும் சேர்த்து எழுதுகிற கதை.

ரிக்கன்பேக்கர் நகல்களும் இதே ரகம். அசலில் கழுத்து உடலின் அடிவரை ஒரே மரமாக ஓடும், அதுதான் அதன் பெருமை. எழுபதுகளின் ஜப்பான் நகல்களிலேயே பல ஸ்க்ரூ கழுத்துடன் வந்துவிட்டன. ரிக்கன்பேக்கர் கம்பெனி தன் உருவத்தை யாராவது எடுத்தால் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் பேர் போனது என்பதால் இந்த நகல்கள் கடையில் அதிகம் தட்டுப்படாது. விட்டுவிடலாம்.

வயலின் பேஸ் கதை சுவாரஸ்யமானது. ஜெர்மனியில் வால்டர் ஹாஃப்னர் 1955ல் வடிவமைத்தது. உள்ளே கூடு, அதனால் எடை மிகக் குறைவு. கம்பி நீளமும் 30 அங்குலம்தான். பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் இதை வாங்கினார். இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்: ஃபெண்டரைவிட விலை குறைவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடது கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோமாளித்தனமாகத் தெரியாது. பீட்டில்ஸ் பேஸ் என்று இன்றைக்குக் கும்பிடுகிற பொருள், ஒரு இளைஞன் காசில்லாமல் வாங்கியது! அந்த பேஸ் 1972ல் திருடுபோய், திரும்பக் கிடைத்துவிட்டது என்று 2024ல்தான் அறிவித்தார்கள்.

இதற்குக் கொம்பே கிடையாது. பிறகு எப்படிச் சமாளிக்கிறது? கழுத்து குட்டை, மொத்த எடையே கொஞ்சம்தான், சாவிகளும் சின்னவை. அதனால் சாய்ந்தாலும் கைக்கு பாரம் தெரியாது. இப்போது நகலைப் பாருங்கள். கூட்டை விட்டுவிட்டுக் கட்டையாகவே வயலின் உருவத்தை வெட்டுகிறார்கள், அதில் சாதாரணக் கனமான சாவிகளை மாட்டுகிறார்கள். கூட்டிலிருந்து வரும் அந்த மெத்தென்ற 'தும் தும்' போயே போச்சு. மிஞ்சியது வயலின் மாதிரி ஒரு வெட்டு, அவ்வளவே. இதில் கம்பி நீளத்தையும் கூட்டிவிட்டால் அசலின் ஒரு காரணம்கூடப் பாக்கி இல்லை.

ஒருத்தர் உருவத்தை இன்னொருத்தர் எடுத்துக்கொள்ள சட்டம் விடுமா என்ற கேள்வி வரும். வர்த்தகச் சட்டப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எழுபதுகளில் ஜப்பானியக் கம்பெனிகள் அமெரிக்கக் கிடார்களை வரிக்கு வரி நகலெடுத்தன. 1977ல் கிப்சனின் தாய்க் கம்பெனி, ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனி மீது வழக்குப் போட்டது. உடலைப் பற்றி அல்ல, தலைப்பகுதியின் உருவத்தைப் பற்றி. கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். ஃபெண்டர் வேறு வழி பிடித்தது. டோக்காய், க்ரெக்கோ, ஃபெர்னாண்டஸ் போன்ற ஜப்பான் நகல்கள் அசலுக்கு இணையாக இருக்கின்றன என்று தெரிந்ததும், 1982ல் ஜப்பானிலேயே தானும் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் ஸ்கொயர். பழைய கம்பி கம்பெனி ஒன்றின் பெயர் அது, 1965லேயே ஃபெண்டர் வாங்கிப் போட்டிருந்தது. தன் பொருளைத் தானே காப்பியடித்து விற்பது! யோசித்தால் பிரமாதமான வியாபார மூளை.

ரொம்பக் காலம் கழித்து, பிரிசிஷன் உள்ளிட்ட மூன்று உருவங்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய ஃபெண்டர் முயன்றபோது, 2009ல் அமெரிக்க அமைப்பு மறுத்துவிட்டது. இத்தனை வருடம் எல்லோரும் செய்து விற்ற உருவம், இனி அது ஒருவருக்கு மட்டும் அடையாளம் என்று சொல்ல முடியாது என்பது சாரம். ஆகவே உடலை யாரும் வெட்டலாம். தலைப்பகுதி ஃபெண்டருக்குச் சொந்தம். அதனால்தான் மலிவு நகல்களில் உடல் அப்படியே இருக்க, தலை மட்டும் கோணல்மாணலாக, பாதி கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். நம்மூர்க்காரர்கள் பெயரிலும் விளையாடுவார்கள். கல்கத்தா கிடார்களில் 'கிவ்சன்' என்று ஒன்று, 'ஹாப்னர்' என்று ஒன்று. எந்தப் பெயரைப் பார்த்து வைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி அடக்க விலைக் கணக்கு. குறைந்த விலைக்கு விற்க எங்கேயோ கை வைத்தாக வேண்டும், அதில் தப்பில்லை. மரம் மட்டமாக இருக்கலாம். ஃப்ரெட் பலகைக்கு வெளிறிய ஏதோ ஒரு மரத்தில் கறுப்புச் சாயம் பூசியிருக்கலாம் (ஒரு மணி நேரம் வாசித்தால் விரல் நுனி கறுத்துவிடும்). மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி, அதாவது இந்தியன் ரோஸ்வுட், உலகம் முழுக்க நல்ல கிடார்களின் ஃப்ரெட் பலகையாகிறது. அது விளையும் நாட்டில் விற்கும் நகலுக்குச் சாயம்தான் என்பது வயிற்றெரிச்சல். ஆனாலும் சாயப் பலகையிலும் வாசிக்கலாம்.

அடுத்து ஆள் கூலி. ஃப்ரெட்டுகளை ஒரே மட்டமாக ராவுவது, நட் எனப்படும் மேல் தாங்கியில் கம்பிக்கான பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு அரத்தால் அறுப்பது, இதெல்லாம் ஒரு மனிதன் உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டிய வேலை. மலிவு பேஸில் இந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதனால் முதல் ஃப்ரெட்டில் கம்பி விரல் வெட்டும் உயரத்தில் நிற்கும். இதுவும் மன்னிக்கக்கூடியது, ஏனென்றால் சரி செய்துகொள்ளலாம்.

மன்னிக்க முடியாதது மூன்றாவது ரகம். பிரிட்ஜை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைப்பதால் யாருக்கு என்ன மிச்சம்? ஓட்டை போடும் மெஷினுக்கு சரியான இடமும் தவறான இடமும் ஒரே செலவுதான். 34 அங்குலம் என்றால் நட்டிலிருந்து 12வது ஃப்ரெட் சரியாக 17 அங்குலம், அங்கிருந்து கம்பி உட்காரும் இடம் இன்னொரு 17 அங்குலமும் அதற்குமேல் ஓரிரு மில்லிமீட்டரும். இதை நகர்த்தி சரிபார்க்க பிரிட்ஜில் ஸ்க்ரூ இருக்கிறது. ஆனால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் முடுக்கிவிட்டால் ஸ்க்ரூ முடியும் இடம் வரை திருகினாலும் சுருதி சேராது. கீழே ஈ சரியாக இருக்கும், மேலே போகப் போகப் பிசகும். கொம்பைக் குறைத்ததும் இதே ரகம். ஒரு விரற்கடை மரத்தில் கம்பெனி பணக்காரன் ஆகிவிடாது. பிக்கப்பின் காந்த முனைகளுக்கு நேரே கம்பி போகாமல் ஓரமாக ஓடுவதும் அப்படித்தான். ஜி கம்பி மட்டும் பாதி சத்தத்தில் கேட்கும்.

ஜாஸ் பேஸ் நகல்களில் இன்னொரு கூத்து உண்டு. 1960ல் வந்த அசலில் இரண்டு பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும்படி ஒன்றைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். நகல் செய்பவர் ஒரே மாதிரி இரண்டை வாங்கிப் போட்டுவிடுவார். இரைச்சல் அடங்காது. ஒன்றின் வயரை மட்டும் மாற்றிப் பற்றவைத்திருந்தால் இன்னும் மோசம், இரண்டையும் திறக்கும்போது அடி ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேஸ் கிடாரில் பேஸே இருக்காது!

வீட்டு கரண்ட் வேறு சேர்ந்துகொள்ளும். பழைய ஃப்ளாட்டுகளில் பல பிளக்குகளில் எர்த் வெறும் அலங்காரம்தான். ஆம்ப்பை அதில் சொருகினால் உம்ம்ம் என்று ஒரு ஓலம், கம்பியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி. இதில் பேஸைக் குறை சொல்லக்கூடாது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், விளையாட்டில்லை.

இத்தனையும் ஒரு பையனின் கையில் வந்து விழும்போது என்ன ஆகிறது என்பதுதான் வருத்தம். அவனுக்கு இதற்குமுன் பேஸ் பிடித்த அனுபவம் கிடையாது. எது சாதாரணம், எது குறை என்று ஒப்பிட இன்னொரு பேஸும் கிடையாது. விரல் வலித்தால் 'ஆரம்பத்தில் எல்லோருக்கும் வலிக்கும்' என்று அவனே சொல்லிக்கொள்கிறான். சுருதி பிசகினால் தனக்குக் காது இல்லை என்று முடிவு கட்டுகிறான். பயிற்சியில் கீபோர்ட் வாசிப்பவன் திரும்பிப் பார்க்கிறான், இவன் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறான். மூன்று மாதத்தில் பேஸ் பீரோவுக்கு மேலே ஏறிவிடுகிறது. வீட்டில், "பத்தாயிரம் ரூபா, அப்பவே சொன்னேன்" என்பது மட்டும் வருடக்கணக்கில் இறங்காது. அந்தக் கைக்கு வாசிக்க வந்திருக்குமா வந்திருக்காதா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

முகப்பேரில் இது நடப்பது கூடுதல் வேடிக்கை. பக்கத்திலேயே 1964ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே லேத்தில் நிற்பவர்கள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு ரிஜெக்ட் செய்கிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று மில்லிமீட்டர் பிசகிய பிரிட்ஜோடு மொட்டை மாடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் ஒரு வெர்னியர் கேட்டு அளந்தால் முடிந்தது.

அளக்காமலே சிலதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். அண்ணாசாலையில் 1842லிருந்து இருக்கும் மூசி மியூசிக்கல் ஆனாலும் சரி, தெருமுனைக் கடை ஆனாலும் சரி, வாங்குமுன் உட்கார்ந்து வாசிக்காமல் எழுந்து நின்று மாட்டிக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தொடை தாங்கிக்கொள்ளும், குறை தெரியாது. கழுத்தின் நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறிபார்ப்பது போல நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு இருந்தால் தெரியும். நாலு கம்பியும் சேர்ந்து ஒரு ஆள் எடைக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன, நம்மூர் ஈரக்காற்றில் காயாத மரம் அதற்கு ஈடு கொடுக்காது. 12வது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஒலியும், அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்யூனர் செயலி செல்போனிலேயே இருக்கிறது. பிசகினால் பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு இன்னும் ஓட்டம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஓரக் கம்பிகளும் கழுத்தின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்பதையும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் எல்லாம் போய்விடவில்லை. நட் பள்ளத்தை ஒரு நல்ல ரிப்பேர்காரர் அரை மணியில் அறுத்துத் தருவார். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு துண்டை வைத்து முடுக்கினால் கோணம் மாறி, கம்பி தாழும் (அசல் ஃபெண்டரிலேயே இப்படித் துண்டு வைப்பது உண்டு, வெட்கப்பட வேண்டாம்). கரகரக்கும் வால்யூம் குமிழுக்குப் பதில் ரிச்சி தெருவில் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சொற்பக் காசில் கிடைக்கும். உள்ளே செம்புத் தாள் ஒட்டி கிரவுண்டோடு சேர்த்தால் இரைச்சல் பாதி குறையும். ஸ்ட்ராப்புக்கு வழுக்கும் நைலானை விட்டுவிட்டு அகலமான தோல் பெல்ட் போட்டால் தலை சாய்வது நிற்காது, ஆனால் தோளில் உராய்ந்து மெதுவாகச் சாயும். குமிழைக் கொம்பிலிருந்து எடுத்து, கழுத்தை முடுக்கும் தகட்டுக்குப் பக்கமாகப் பின்னால் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சிலதில் வேலை செய்கிறது.

பிரிட்ஜ் பிசகியதற்கு மட்டும் பழைய ஓட்டையை அடைத்து, அளந்து, புதிதாகத் துளை போட வேண்டும். அதற்குக் கிடார் கடையைவிட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ட்ரில் மெஷின் வைத்திருக்கும் ஆளே மேல். 34 அங்குலம் என்பது 863.6 மில்லிமீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் போதும், கம்பி எத்தனை என்று அவர் கேட்கமாட்டார்.